பிரே பள்ளியின் மரச்சட்டங்கள்

1759-ன் பனிக்காலத்துக்கும் அடுத்த வசந்தத்துக்கும் இடையில் வர்ஜீனியாவில் சில மரங்களை வெட்டி, அறுத்து, சட்டம் கோத்து, வில்லியம்ஸ்பர்க் நகரில் ஒரு சிறு மரவீடு எழுப்பினார்கள். கீழ்த்தளம், அதன்மேல் கூரைச்சரிவுக்குள் அடங்கும் மச்சு, அவ்வளவுதான். உரிமையாளர் டட்லி டிக்ஸ். 1760 செப்டம்பர் 29 அன்று அந்த வீடு வாடகைக்குப் பள்ளிக்கூடமானது. படிக்க வந்தவர்கள் மூன்று முதல் பத்து வயது வரையான கறுப்பினப் பிள்ளைகள். பெரும்பாலோர் அடிமைகள், சிலர் சுதந்திரமானவர்கள்.

பள்ளியை நடத்தியது லண்டனில் தாமஸ் பிரே பாதிரியார் பெயரில் இயங்கிய அறச்சங்கம். தரங்கம்பாடியில் சீகன்பால்க்கின் அச்சகத்துக்குக் கைகொடுத்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியவரும் இதே பிரேதான். பள்ளிக்கு வில்லியம்ஸ்பர்க்கைப் பரிந்துரைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

ஆன் வேகர் என்ற விதவை ஒருவரே ஆசிரியை. வேதபாடமும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் உண்டு. எஜமானருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதே பாடத்தின் நோக்கம். அந்த நோக்கத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எழுத்து, கற்பித்தவரின் சொல்லுக்குக் கட்டுப்படாது. அங்கே படித்த ஐசக் பீ 1774-ல் தப்பியோடினார். அவரைப் பிடித்துத்தர எஜமானர் கொடுத்த பத்திரிகை விளம்பரமே, அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று எச்சரித்தது. பாடத்திட்டத்தில் எழுதக் கற்பிப்பது இல்லை. ஆனாலும் வீடு முதலில் நின்ற இடத்தைத் தோண்டியபோது பலப்பத் துண்டுகள் கிடைத்தன.

ஐந்தாண்டுகளில் பள்ளி வேறு கட்டடத்துக்குப் போனது. 1774-ல் வேகர் இறந்ததும் மூடப்பட்டது. வீடு மட்டும் கைமாறிக் கைமாறி நின்றது. 1930-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரிப் பகுதியில் மாணவியர் விடுதி கட்ட இடம் வேண்டியிருந்ததால், பிரின்ஸ் ஜார்ஜ் தெருவிலேயே சற்றுத் தள்ளி நகர்த்தினார்கள். பிற்காலத்தில் ஒட்டிய அறைகளுக்குள் பழைய சட்டங்கள் மறைந்துபோயின. கல்லூரியின் ராணுவப் பயிற்சித் துறைகூட அங்கே இயங்கியது.

இந்த வீடுதான் பிரே பள்ளியாக இருந்திருக்கும் என்று முதலில் சந்தேகித்துத் தேடியவர், அக்கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் டெர்ரி மேயர்ஸ். ஆவணங்களால் நெருங்க முடிந்ததே தவிர உறுதிசெய்ய முடியவில்லை. 2020-ல் சட்டங்களைத் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். மழை மிகுந்த ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாகும், வறண்ட ஆண்டில் ஒடுங்கும். அந்த வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்தி, பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தைப் பார்த்தால், மரம் விழுந்த பருவமே தெரிந்துவிடும். பள்ளி திறந்த தேதியோடு அது ஒத்துப்போனது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளின் கல்விக்கென இயங்கி இன்றும் நிற்கும் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது என்று கருதப்படுகிறது.

2023 பிப்ரவரி 10 அன்று வீட்டை வண்டியில் ஏற்றித் தெருக்கள் வழியே கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வரலாற்று அருங்காட்சியக வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். நாட்டின் மிகப் பழைய கறுப்பினத் திருச்சபைகளில் ஒன்றான முதல் பாப்டிஸ்ட் சபையின் பழைய நிலத்துக்கு அருகில் இப்போது அது நிற்கிறது. அடிமைத்தளை முடிந்ததை நினைவுகூரும் ஜூன் 19 அன்று, 2025-ல், சீரமைத்துத் திறந்தார்கள். அங்கே படித்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் 86 பேரின் பெயர்கள் மட்டுமே மாணவர் பட்டியல்களில் எஞ்சியிருக்கின்றன. அவர்களுடைய வழித்தோன்றல்களைத் தேடும் பணி கல்லூரியில் நடந்துகொண்டிருக்கிறது.