ஜப்பானில் மொழி படிக்கப் போறீங்களா? முதல் 3 மாதம் ஏன் கஷ்டம், எப்படி சமாளிப்பது?

மேற்படிப்பு, வேலை என்று ஜப்பான் செல்லும் பலருக்கும் முதல் படி, அங்குள்ள மொழிப் பள்ளிதான். 'போய் பழகிக்கலாம்' என்று விமானம் ஏறுபவர்கள் சில வாரங்களிலேயே திணறிப்போவது உண்டு. காரணம் என்ன? பார்க்கலாம்.

வகுப்பு எப்படி இருக்கும்?

பொதுவாக வாரத்தில் 5 நாள். தினமும் 45 நிமிட வகுப்புகள் 4. காலை அல்லது மதியம், ஏதாவது ஒரு வேளை மட்டும்தான். கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் முதல் நாளில் இருந்தே பாடம் ஜப்பானிய மொழியிலேயே நடக்கும். அடிக்கடி சின்னச் சின்ன டெஸ்ட் வேறு. ஒரு நாள் லீவு போட்டாலே மறுநாள் பாடம் பிடிபடாது.

எத்தனை எழுத்துகள்?

ஹிரகானா 46, கதகானா 46. இந்த இரண்டையும் ஊரிலேயே மனப்பாடம் செய்துவிடுங்க. அடுத்து வருவது கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கு என ஜப்பான் அரசு பட்டியலிட்டிருப்பது மட்டும் 2,136. சீன மாணவர்களுக்கு இதில் பல எழுத்துகள் ஏற்கெனவே தெரிந்தவை. அவர்களின் வேகத்தைப் பார்த்து மனசு உடைய வேண்டாம்.

தமிழ் தெரிந்தால் என்ன லாபம்?

'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பது 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்'. தமிழ் போலவே வினைச்சொல் கடைசியில். இதில் வரும் 'ஓ', நம்ம 'ஐ' வேற்றுமை உருபு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. எனவே ஆங்கிலத்தில் யோசிக்காமல், தமிழில் யோசித்து வாக்கியம் அமைத்துப் பாருங்க.

பகுதிநேர வேலையில் என்ன சிக்கல்?

மாணவர் விசாவில் இருப்பவர்கள், அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் தினமும் 8 மணி நேரம் வரை. வாடகை, ஃபீஸ், ஊரில் வாங்கிய கடன் என்று நைட் ஷிஃப்ட் போய், காலையில் வகுப்பில் தூங்குபவர்கள் உண்டு. வருகைப்பதிவு குறைந்தால் விசா நீட்டிப்பே கேள்விக்குறியாகும். 28 மணி நேரத்தைத் தாண்டினாலும் அதே ஆபத்து.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலை என்-5. ஜூலை, டிசம்பரில் நடக்கும் இந்தத் தேர்வை சென்னையிலேயே எழுதலாம். முதல் 3 மாதச் செலவுக்கான பணத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்க. அங்கே தங்குமிடம் முடிவானதும், 14 நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யணும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், சிகிச்சைக் கட்டணத்தில் பொதுவாக 30 சதவீதம் கட்டினால் போதும்.

வகுப்பில் தூக்கம் வருகிறதா? குறைக்க வேண்டியது ஷிஃப்டை, வகுப்பை அல்ல.