பேர்க்கலண்டின் மின்னோட்டங்களும் செய்மதிச் சான்றும்: காந்தக்கோள ஆய்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பூமியைச் சூழ்ந்துள்ள காந்தக்கோளம் பற்றிய ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1958ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாண்டு சனவரி 31ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 செய்மதியில் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வான் அலன் ஒரு கைகர் எண்ணியைப் பொருத்தியிருந்தார். அதுவும் தொடர்ந்து வந்த எக்ஸ்புளோரர்-3உம் அளித்த தரவுகளிலிருந்து, மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் பூமியின் காந்தப்புலத்திற் சிறைப்பட்டுக் கிடக்கின்றன என்பது தெளிவாயிற்று. அக்கண்டுபிடிப்பின் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்வாறு தொடங்கும் வரலாறு, அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே எழுப்பப்பட்டுப் பின்னர் ஒதுக்கப்பட்ட வினாவொன்றை மறைத்துவிடுகின்றது. விண்வெளிக்கும் பூமியின் மேல் வளிமண்டலத்துக்குமிடையே, காந்தப்புலக் கோடுகள் வழியாக மின்னோட்டம் பாய்கின்றதா என்பதே அவ்வினா. அதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றமைக்கான காரணங்களையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

வினாவை எழுப்பியவர் நோர்வே நாட்டுப் பௌதிகப் பேராசிரியர் கிறிஸ்ரியன் பேர்க்கலண்ட். வெற்றிடப் பெட்டியொன்றினுள் காந்தமூட்டிய சிறு கோளத்தை வைத்து, அதன்மீது கதோட்டுக் கதிர்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சூழ ஒளிவளையங்கள் தோன்றுவதை அவர் கண்டார். ஆய்வுகூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1902-03ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வட நோர்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பேர்கன், நோவயா செம்லியா ஆகிய நான்கு இடங்களிலும் அவதான நிலையங்களை அமைத்து, துருவ ஒளி தோன்றும் வேளைகளிற் காந்தமானிகள் காட்டிய குழப்பங்களை ஒரே காலத்திற் பதிவுசெய்வித்தார். மின்னோட்டம் விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியே இறங்கி, துருவ ஒளி வலயத்தின் வழியே கிடையாகப் பாய்ந்து, மீண்டும் மேலேறிச் செல்கின்றது என்பதே 1908இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருநூலின் சாரம். இவர்தாம் சாம் ஐடேயுடன் சேர்ந்து மின்வில்லுலையின் மூலம் வளியிலிருந்து நைதரசன் உரம் உற்பத்தி செய்யும் முறையை ஆக்கியவர். அத்தொழில் ஈட்டிய பணமே துருவ ஒளி ஆய்வுக்கும் உதவிற்று. 1917இல் தோக்கியோவில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னர் இத்துறையில் மேலோங்கியது ஆங்கிலேயக் கணிதவறிஞர் சிட்னி சப்மனின் கருத்து. மின்னோட்டங்கள் முற்றாக மேல் வளிமண்டலத்தினுள்ளேயே சுற்றி முடிகின்றன என அவர் கொண்டார். அக்கணிதம் அழகியது, கையாளவும் எளியது. நிலத்திலுள்ள காந்தமானியின் பதிவை அது பேர்க்கலண்டின் கருத்தைப் போலவே செவ்வனே விளக்கியது. இடர்ப்பாடும் அதிலேயே இருந்தது. நிலத்தில் எடுக்கும் அளவீடுகளை மட்டும் கொண்டு இவ்விரு கருத்துகளையும் வேறுபடுத்த இயலாது. குறித்த நிபந்தனைகளின் கீழ், செங்குத்தான மின்னோட்டங்களின் விளைவு நிலமட்டத்தில் முற்றாக மறைந்துவிடும் என்பதை யப்பானிய அறிஞர் நவோஷி புகுஷிமா 1969இல் கணிதமுறையிற் காட்டினார். ஆகவே, சான்றினால் தீர்க்கவொண்ணாத வழக்கைச் செல்வாக்கே தீர்த்துவைத்தது எனல் மிகையாகாது. சுவீடனைச் சேர்ந்த ஹன்னஸ் அல்வேன், மின்புலத்துக்கு முதன்மை அளித்துக் காந்தப்புயல் பற்றி எழுதிய கட்டுரையை அமெரிக்க ஆய்விதழொன்று ஏற்க மறுத்தது. சப்மனின் கோட்பாட்டோடு அது முரண்பட்டமையே காரணமாயிற்று. 1939இல் அது சுவீடிய அறிவியற் கழகத்தின் வெளியீடாக, வெளியுலகிற் பலரது கண்ணிற் படாமலே வெளிவந்தது.

இதனைக் கொண்டு பேர்க்கலண்டைக் குற்றமற்ற தியாகியாக்குவதும் வரலாறாகாது. சூரியனிலிருந்து இலத்திரன்கள் மட்டும் கற்றையாக வருகின்றன என அவர் தொடக்கத்திற் கருதினார். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமாதலால் அத்தகைய கற்றை சிதறிவிடும் என ஆர்தர் சூஸ்டர் காட்டியது முற்றிலும் சரியே. சூரியனிலிருந்து வருவது மின்னடுநிலை கொண்ட கலவை என்பதில் சப்மனின் பக்கமே உண்மை இருந்தது.

வழக்கைத் தீர்க்க ஒரு காந்தமானியை மின்னோட்டத்தினூடாகவே கொண்டு செல்லவேண்டியிருந்தது. அதனைச் செய்த செய்மதிகள் எவை என்பது சிந்திக்கத்தக்கது. 1963இல் ஏவப்பட்ட 1963-38சி என்ற செய்மதி, அமெரிக்கக் கடற்படையின் வழிகாட்டற் செய்மதித் திட்டத்தைச் சார்ந்தது. அணுவாயுத நீர்மூழ்கிகள் தமது இருப்பிடத்தை அறிவதற்கென எழுந்த திட்டம் அது. அதன் காந்தமானியோ செய்மதியின் திசைநிலையை அறிவதற்கென வைக்கப்பட்டது. ஏறத்தாழ 1100 கிலோமீற்றர் உயரத்தில், துருவ ஒளி வலயத்தைக் கடக்குந்தோறும் அக்கருவி தடுமாறுவதை அல்பிரட் சுமுடாவும் அவரது குழுவினரும் 1966இல் வெளியிட்டனர். அவர்கள் அதனை அலைகள் என எண்ணினர். மறு ஆண்டு கமிங்ஸ், டெஸ்லர் ஆகிய இருவரும் அவை பேர்க்கலண்ட் கூறிய மின்னோட்டங்களே என இனங்கண்டனர். 1972இல் ஏவப்பட்ட, அதே கடற்படைத் திட்டத்தின் ட்ரயாட் செய்மதி எஞ்சிய ஐயத்தைப் போக்கியது. இத்துறையின் வளர்ச்சி படைத்துறையோடு எவ்வளவு பின்னிப்பிணைந்தது என்பதற்கு 1958இன் ஆர்கஸ் நடவடிக்கை மற்றொரு சான்று. தென் அத்திலாந்திக்கின் மேல் மூன்று அணுகுண்டுகளை வெடித்து, இலத்திரன்களைக் காந்தப்புலத்தில் அமெரிக்கா சிறைப்படுத்தியது. எக்ஸ்புளோரர்-4இல் இருந்த வான் அலனின் கருவிகளே அவற்றை எண்ணின. 1959 மார்ச்சு வரை உலகம் அதனை அறியவில்லை.

மின்னோட்டம் உறுதியானதும், அதனைச் செலுத்தும் மின்புலம் எது என்ற வினா எழுந்தது. 1958இற் கனடாவின் சேர்ச்சிலிலிருந்து ஏவிய உந்துகணையொன்றில் கார்ல் மக்கில்வேன், ஒளிமிக்க துருவ ஒளியை உண்டாக்கும் இலத்திரன்கள் ஏறக்குறைய ஒரே சக்தியுடன், அஃதாவது 6000 இலத்திரன்வோல்ற் அளவில், வருவதைக் கண்டிருந்தார். ஒரே மின்னழுத்த வேறுபாட்டினூடாக விழுந்த துணிக்கைகளே இவ்வாறு இருக்கும். எனினும் காந்தப்புலக் கோட்டின் வழியே மின்புலம் நிலைத்திருக்க முடியாது என்பதே அன்றைய பொதுக்கருத்து. இலத்திரன்கள் உடனே ஓடி அதனைச் சமன்செய்துவிடும் என்றனர். மின்புலத்தை நேரில் அளப்பதும் எளிதன்று. சூரியவொளி படும்போது விண்கலம் இலத்திரன்களை இழந்து தானே சில வோல்ற் மின்னேற்றம் பெறுகின்றது. அளக்கவேண்டிய புலமோ பெரும்பாலும் மீற்றருக்கு ஒரு மில்லிவோல்ற் அல்லது அதனினும் குறைவு. இதற்காகச் சுழலும் விண்கலத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் நீண்ட தண்டுகளையோ கம்பிகளையோ நீட்டி, அவற்றின் முனைகளிலுள்ள இரு கோளங்களுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாட்டை அளந்தனர்.

1976இல் ஏவப்பட்ட எஸ்3-3 செய்மதி ஏறத்தாழ 8000 கிலோமீற்றர் உயரம் வரை சென்று, துருவ ஒளி வலயத்தின் மேல் மீற்றருக்குச் சில நூறு மில்லிவோல்ற் அளவான புலங்களைக் கண்டது. அதே இடத்தில் நேரேற்ற அயன்கள் கற்றையாகப் பூமியிலிருந்து மேலேறுவதும் பதிவாயிற்று. இலத்திரன்களைக் கீழே தள்ளும் புலமே அயன்களை மேலே தள்ளவேண்டுமாதலால் இவ்விரு அவதானங்களும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. 1986இல் சுவீடனின் வைக்கிங்கும் 1996இல் அமெரிக்காவின் பாஸ்ற் விண்கலமும் இதனை மேலும் நுணுகி அளந்தன. மின்னோட்டம் கீழிறங்கும் பகுதிகளிலும் காந்தப்புலக் கோடுகள் வழியே மின்புலம் உண்டு என்பதையும், அது இலத்திரன்களைப் பூமியிலிருந்து விண்வெளிக்கு உந்துகின்றது என்பதையும் பாஸ்ற் காட்டியது. பேர்க்கலண்ட் வரைந்த சுற்றில் ஒளியின்றி இருள்மண்டிய மறுபாதி அதுவேயாகும்.