கொம்பனித் தெருவின் இரு பெயர்கள்



சாதாரண தர வகுப்பிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு 'நான் வாழும் ஊர்' என்னும் கட்டுரையைத் திருத்துவதில் ஆண்டுதோறும் ஓர் அலுப்பு உண்டு. கொழும்புப் பிள்ளைகள் பெரும்பாலோர் காலிமுகத்திடலையே வருணிப்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவன் மட்டும் வெறுந்தாளைத் தந்தான். "ஊர்ப் பேரை எழுத வெட்கமா இருக்கு, சேர்" என்றான்.

அவனுடைய வீடு கொம்பனித் தெருவில். முகவரியை ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று எழுதியதைக் கண்ட தோழர்கள், "அடிமை" என்று கேலி செய்தார்களாம்.

அடுத்த பாடவேளையில் இலக்கணத்தை மூடி வைத்துவிட்டுக் கொழும்பின் பெயர்களைப் பற்றியே பேசினேன். இம்மாநகரில் பல இடங்களுக்கு மொழிக்கொரு பெயர் உண்டு. அவை ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என எண்ணினால் ஏமாந்து போவோம். ஆங்கிலேயர் 'பெட்டா' என்றது நமது 'பேட்டை' என்ற சொல்லைத்தான். நாமோ அதை அவர்களிடமே விட்டுவிட்டு, கோட்டைக்குப் புறத்தே உள்ள இடமென்று புறக்கோட்டை என்கிறோம். கோட்டை மதில்கள் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டன. பஸ்ஸில் ஏறி 'புறக்கோட்டை' என்று ரிக்கற் கேட்பவருக்கு அந்த மதில் இன்னமும் நிற்கிறது! நீதிமன்றங்கள் உள்ள பகுதியின் ஆங்கிலப் பெயரில், 1656 முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் இருக்கிறார். தமிழில் அவருக்கு இடமில்லை. நமக்கு அது புதுக்கடை. ஆங்கிலத்தில் 'கடல் தெரு' என்பது நமக்குச் செட்டியார் தெரு. அவர்கள் கடலைப் பார்த்தார்கள், நாம் மனிதரைப் பார்த்தோம் என்று சற்றுப் பெருமையோடு சொல்லிவிட்டேன்.

கொம்பனித் தெருவுக்கு வந்தபோது அந்தப் பெருமை நிற்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் கிழக்கிந்தியக் கொம்பனியின் அடிமைகள் பகல் முழுவதும் கோட்டைப் பக்கத்தில் வேலை செய்தனர். இரவில், வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் அடைக்கப்பட்டனர். வாவியில் முதலைகள் இருந்தமையால் தப்பியோடுதல் எளிதன்று. ஆங்கிலப் பெயர் அந்த மனிதரைச் சுட்டுகிறது. 'கொம்பனி' என்பது அவர்களுடைய எசமானைக் குறிப்பது என்பர் சிலர். பின்னர் அங்கே தங்கியிருந்த மலாயர் படைப்பிரிவுகளைக் குறிப்பது என்பர் வேறு சிலர். மலே வீதியும் றைபிள் வீதியும் இருப்பதால் இரண்டாவது கூற்றையும் தள்ளிவிட முடியாது. எதுவாயினும், நமது பெயரில் அடிமைக்கு இடமில்லை. இங்கே மனிதரைப் பார்த்தவர்கள் நாமல்லர்.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நீடித்தது. 2022இல் மூன்று மொழிகளிலும் 'கொம்பனித் தெரு' என்ற பெயரையே வழங்குவதென அரசாங்கம் முடிவெடுத்தபோது அந்த மாணவனைத்தான் நினைத்தேன். அவனுக்குப் பின்வரும் பிள்ளைகளைக் கேலி செய்ய இனி ஒரு சாட்டு குறையும்; அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பூட்டப்பட்டுக் கிடந்தவர்களுக்கு அந்நகரில் இருந்த ஒரே நினைவுக்கல்லும் அந்தப் பெயர்தானே என்ற உறுத்தலும் கூடவே எழுந்தது. இரண்டையும் இன்றுவரை என்னால் ஒத்துப்போகச் செய்ய முடியவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அவன் பின்னாலேயே வந்தான்.

"அவங்க என்ன பாஷை பேசியிருப்பாங்க, சேர்?"

பல நாட்டு மொழிகள் என்றேன். பிறகு 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டிய கதையைச் சொன்னேன். உணவின்றித் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களை ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கில் வாங்கினர். நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து கப்பலேற்றினர். அக்கப்பல்களில் பல இலங்கைக்கும் வந்தன.

"அப்போ தமிழும் பேசியிருப்பாங்க" என்றான்.

மறுநாள் கட்டுரையைக் கொண்டுவந்து தந்தான். நான்கு பக்கம். தலைப்பில் ஊரின் இரண்டு பெயர்களையும் எழுதியிருந்தான்.