அப்பத்தாவின் ரெண்டு சீட்டு

போன வாரம் பயிர்க் கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார். "முக்கியப் பயிர் எதுங்கய்யா?" நம்ம காட்டுல கடலை, ஊடால துவரை, வரப்போரம் ஆமணக்கு. மூணையும் சொன்னேன். "ஒண்ணுதான் போட முடியும்" என்று கடலையை எழுதிக்கிட்டுப் போயிட்டார். போன வருஷம் கடலை கைவிட்டப்போ எங்க வீட்டுக்குச் சோறு போட்டது துவரை. அது கணக்குலயே இல்லை.

எங்க அப்பத்தாவுக்கு நேர்மாறு. 1957 சட்டமன்றத் தேர்தல்ல அவுங்க கையில ரெண்டு சீட்டு கொடுத்தாங்க. அப்போ சென்னை மாநிலத்துல 205 இடம், ஆனா தொகுதி 167தான். 38 தொகுதியில ரெண்டு பேரைத் தேர்ந்தெடுக்கணும். ஒரு இடம் பொது, இன்னொண்ணு பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கியது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. ஒரே ஆளுக்கு ரெண்டு ஓட்டும் போடக்கூடாதுங்கிறது சட்டம். அப்பத்தா பிடிச்ச ஆளு பெட்டியிலயே ரெண்டையும் போட்டுட்டு வந்தாங்களாம்!

அதே 1957ல ஆந்திராவுல, பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில வி.வி.கிரி நின்னார். ஒதுக்கீட்டு இடத்தை முதல்ல நிரப்பி, மிச்சப் பேர்ல யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்கு மற்ற இடம். ரெண்டும் பழங்குடி வேட்பாளர்களுக்கே போச்சு. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார், 1959ல தோத்தார். 1961ல இரட்டைத் தொகுதி முறையையே சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. ஒதுக்கீட்டு ஆளு பொது இடத்துலயும் ஜெயிச்சது சிலர் கண்ணை உறுத்தியிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

கிரி கதை அதோட முடியலை. 1969 குடியரசுத் தலைவர் தேர்தல். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போடுற ஓட்டு அது. 1, 2, 3ன்னு விருப்ப வரிசை எழுதணும். முதல் விருப்பத்துல கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. ஜெயிக்க 4,18,169 வேணும், யாருக்கும் இல்லை. பின்தங்கினவங்களை நீக்கி, அவுங்க சீட்டுல அடுத்த விருப்பத்தை எண்ணினாங்க. கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427.

ஒண்ணை மட்டும் கேட்டிருந்தா கிரி கிட்டத்தட்ட 88,000 வித்தியாசத்துல முந்தி. ரெண்டாவதையும் கேட்டதும் வித்தியாசம் 14,650தான். புதுசா ரெட்டி பக்கம் சேர்ந்தது 91,879, கிரிக்கு 18,562. பல பேர் மனசுல ரெட்டி அடுத்த விருப்பமா இருந்தது, கேட்டதாலதான் தெரிஞ்சுது.

கணக்கெடுக்க வந்தவரைச் சந்தையில பாத்தேன். 1 கடலை, 2 துவரை, 3 ஆமணக்குன்னு எழுதிக்கிடுங்கன்னேன். படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்குங்கிறார்.