ஒரு கிரவுண்டு நிலமும் பதினான்கு மாடியும்



வரலாறு என்றவுடன் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே உங்கள் நினைவுக்கு வரும். எங்கள் சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலிக்கும் சர் அயர் கூட்டுக்கும் நடந்த போரை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு போர். வாளும் குதிரையும் இல்லாத போர். ஒருவன் தன் சொந்த நிலத்தில் எத்தனை மாடி எழுப்பலாம், அதில் என்ன தொழில் நடத்தலாம் என்பதை ஊரார் வரையறுக்கலாமா என்ற வழக்கைத்தான் சொல்லுகிறேன்.

மாடி நமக்குப் புதிதன்று. மதுரைக்கு நான்மாடக்கூடல் என்றே ஒரு பெயருண்டு. கடையும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருப்பதும் புதிதன்று. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முன்புறம் வியாபாரம், பின்புறமோ மேலேயோ குடும்பம் என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். அதற்குக் ‘கலப்புப் பயன்பாடு’ என்று இக்காலத்து அதிகாரிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் புதிது.

சிக்கல் பிறந்தது இரும்புச் சட்டமும் மின்தூக்கியும் வந்த பிறகு. 1915இல் நியூயார்க்கில் ‘ஈக்விடபிள்’ என்னும் 38 மாடிக் கட்டடம் எழுந்தது. ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தில் சுமார் 12 இலட்சம் சதுர அடித் தளம்! அதன் நிழல் அண்டை அயலாரின் சன்னல்களை மூடிற்று, வாடகை சரிந்தது, கூக்குரல் எழுந்தது. மறு ஆண்டே, 1916இல், அந்நகரம் ஒரு விதி வகுத்தது. தெருவின் அகலத்தைப் பொறுத்து ஒரு மட்டத்துக்குமேல் கட்டடம் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும். இன்ன பகுதியில் இன்ன தொழில்தான் நடக்க வேண்டும். வெயிலுக்காக அவர்கள் சட்டம் செய்தார்கள். சித்திரை மாதத்து வேலூரில் நின்று இதைச் சொன்னால், நிழல் தருகிற கட்டடத்தின்மீது வழக்கா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நமக்குள்ள கவலை வெயில் அன்று. தண்ணீரும் சாக்கடையும் தெருவும் தீயுமே.

அதே காலத்தில் நம் நாட்டுக்கு ஒரு மனிதர் வந்தார். பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். படித்தது உயிரியல், பற்றுக்கொண்டது நகர அமைப்பு. அவர் அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களைச் சுமந்து வந்த கப்பலை 1914 அக்டோபரில் ‘எம்டன்’ மூழ்கடித்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம் சென்னைமீது குண்டு பொழிந்ததே, அதே எம்டன்தான். கெட்டிஸ் சோரவில்லை. வேறு பொருள்களைத் திரட்டி 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டார். மாகாணத்துப் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருவை இடித்துத் தரைமட்டமாக்காமல், நோயுற்ற இடத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. என் கருத்தில், அவருக்குப் பின் வந்த பொறியாளர் பலரைவிட அவர் நம் ஊர்களை நன்கு புரிந்துகொண்டவர்.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்பின் உருவான புதுநகரங்களுள் பெரியது தியாகராய நகர். மாம்பலம் ஏரியைத் தூர்த்து, நடுவே பனகல் பூங்கா, சுற்றிலும் தோட்டத்தோடு கூடிய வீடுகள் என்று 1920களில் வகுத்தார்கள். ஏரி போய்விட்டது. அந்த ஏரியைப் பார்த்திருந்த ஒரு சாலையின் பெயர்தான் இன்றும் மேற்கு மாம்பலத்தில் எஞ்சி நிற்கிறது.

உயரத்தின் கதை மவுண்ட் ரோட்டில் தொடங்குகிறது. 1953இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காகத் தொடங்கிய கட்டடம் அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 1959இல் பதினான்கு மாடிகளோடு அது ‘எல்.ஐ.சி. கட்டடம்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. நான் மாணவனாகச் சென்னைக்குப் போனபோது, கழுத்து வலிக்க அண்ணாந்து மாடிகளை எண்ணியவர்களுள் நானும் ஒருவன். 1975 ஜூலையில் அதே கட்டடத்தில் தீப்பற்றியது. உயரத்திற்கு இப்படியும் ஒரு விலையுண்டு என்று நகரம் அறிந்துகொண்டது.

இதனிடையே 1971இல் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் வந்து, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ‘தளப்பரப்புக் குறியீடு’ என்னும் அளவை இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பலகை இல்லை, காதாலேயே கணக்குப் போடுங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லா மாடிகளும் சேர்ந்து 4,800 சதுர அடிக்கு மிகக் கூடாது. பாதி நிலத்தில் கட்டினால் நான்கு மாடி வரும். முக்கால் நிலத்தை அடைத்தால் மூன்று மாடிகூட முழுமையாக வராது. ஆகவே இந்த எண் உயரத்தைச் சொல்வதன்று, நெருக்கத்தைச் சொல்வது. அந்த 4,800 சதுர அடியில் ஆறு குடும்பங்கள், குடும்பத்திற்கு ஐவர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு அளவு. 4,050 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரே குடும்பம் இருந்தபோது 675 லிட்டர் போதுமாயிருந்தது. தெருக்குழாயோ அதே குழாய்தான்!

தியாகராய நகரில் நடந்தது இதுவே. வீடுகள் கடைகளாயின, கடைகள் அடுக்குகளாயின. விதிமீறல் பெருகியது. 1999 பிப்ரவரி 28க்கு முன் எழுந்த மீறல்களைப் பணம் பெற்று வரன்முறைப்படுத்த ஒரு சட்டத்திருத்தம் வந்தது. அந்தக் கெடுவை மேலும் மேலும் நீட்டியதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. பின்னர் 2012இல் இன்னொரு திருத்தம் வந்தது. இம்முறை 2007 ஜூலை வரை எழுந்தவற்றுக்கு! தேர்வில் தோற்றவனுக்கு அபராதம் வாங்கிக்கொண்டு தேர்ச்சி போடுவதாக ஒரு பள்ளி அறிவித்தால், ஒழுங்காகப் படித்தவன் என்ன நினைப்பான்? 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பல மாடித் துணிக்கடை தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று.

தொழிலைப் பிரிப்பதும் இப்படித்தான். மளிகைக் கடைக்கு மேலே ஒரு குடும்பம் வாழலாம். தோல் பதனிடும் தொட்டிக்கு அருகே கிணறு வாழாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பாலாற்று நீரையும் நிலத்தையும் கெடுத்த தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில். நீர்நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் அத்தகைய புதிய ஆலைகள் கூடாதென்று 1989இலேயே அரசாணை இருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது. ஆலைக்கழிவு ஆற்றில் இருந்தது. ஆகவே எதையும் எதனோடும் கலக்கலாம் என்பாரையும் நான் ஒப்பவில்லை. எதையும் கலக்கவே கூடாது என்பாரையும் ஒப்பவில்லை.

2019இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு வந்தது. சாதாரணக் கட்டடங்களுக்குக் குறியீடு 1.5லிருந்து 2 ஆயிற்று. 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயர்மாடிக் கட்டடம்; முன்னே 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் அதற்கு 3.25 வரை உண்டு. நியூயார்க்கார் 1916இல் பிடித்த அதே தெருவகலக் கயிறுதான்! பேரூராட்சியாயிருந்த சோளிங்கர் 2021இல் நகராட்சியாயிற்று. சென்னைக்கு எழுதிய கணக்கு இனி எங்களுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊரில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் யோக நரசிம்மர் மலைக்கோயில். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாதென்று விதித்தார்கள். அதையும் மீறி எழுந்த கட்டடங்களைப் பற்றி வழக்குகள் நடந்தன. எங்கள் மலையை மறைக்க எந்த மாடியாலும் ஆகாது. அந்தக் கவலை எனக்கில்லை. நான் அஞ்சுவது தேர் திரும்பும் தெருக்களைப் பற்றி. இந்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கடைத்தெருவை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். எத்தனை மீட்டர் வருகிறது என்று குறித்துக்கொண்டு, தீயணைப்பு வண்டி ஒன்று அதில் நுழைந்து திரும்ப முடியுமா என்று உங்கள் ஊர் நிலையத்திலேயே கேளுங்கள்.