கிடைக்காத சமிக்ஞையின் வரலாறு

மனித இதயத்தின் காந்தப்புலம் முதன்முதலில் அளக்கப்பட்ட ஆண்டு 1963. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் பவுலும் மக்ஃபீயும் இருபது இலட்சம் சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள்களை மார்பின்முன் வைத்து அதனைப் பதிவுசெய்தனர். 1968இல் டேவிட் கோஹன் மூளையின் ஆல்ஃபா அலைகளையும் கம்பிச்சுருள் கொண்டே அளந்தார். தலைக்கு வெளியே அப்புலத்தின் வலிமை ஏறத்தாழ ஒரு பிக்கோடெஸ்லா. புவியின் காந்தப்புலமோ அதனினும் சில கோடி மடங்கு வலியது. பின்னர் ஸ்க்விட் உணரி அளவீட்டைத் துல்லியமாக்கிற்று. ஆயினும் வெளியிலிருந்து அளப்பதில் ஒரு தீராக் குறை உண்டு. ஒரே அளவீட்டைத் தரவல்ல மின்னோட்ட அமைப்புகள் பல. மூலம் எங்கே என்பது ஊகமாகவே எஞ்சும்.

புலத்தை அது பிறக்கும் இடத்திலேயே எம்.ஆர்.ஐ. கொண்டு காணலாகாதா? கொள்கையளவில் தடையில்லை. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் அச்சுச் சுழற்சி வேகம் அவை உணரும் காந்தப்புலத்தைப் பொறுத்தது. நரம்பணுவின் மின்னோட்டம் அப்புலத்தைச் சிறிது மாற்றினும் சமிக்ஞையின் கட்டம் விலகும். 200 பிக்கோடெஸ்லா அளவில் 40 மில்லிவினாடி நீடிக்கும் மாற்றத்தைக் கண்டறியலாம் என்று 2002இல் பொதுர்க்காவும் பண்டெட்டினியும் மாதிரிக் கலமொன்றில் காட்டினர். கணக்கிட்டுப் பார்த்தேன், அக்கட்ட விலகல் சுமார் 0.12 டிகிரிதான்!

மறு ஆண்டே, மனித மூளையில் அதனைக் கண்டதாக சியோங், ஃபாக்ஸ், காவ் ஆகியோர் அறிவித்தனர். 2004இல் சூ முதலியோர் பார்வைத் தூண்டலின்போது தேடிப்பார்த்து, அத்தகைய விரைவு மாற்றம் எதுவும் தென்படவில்லை என எழுதினர். தலைப்பிலேயே 'இன்மை' என்னும் சொல்லைத் தாங்கிய கட்டுரை அது. முறையியல் பயிலும் மாணவர் முதலில் படிக்கவேண்டியது இதனையே என்பேன்.

இடர் கருவியில் மட்டும் இல்லை. படக்கூறு ஒன்றினுள் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவதையும் குருதியின் ஆக்சிஜன் மாற்றத்தால் எழும் பன்மடங்கு பெரிய சமிக்ஞை மறைத்துவிடுகிறது. ஆகவேதான் பெட்ரிடோவும் உடனாய்வாளரும் குருதியே இல்லாத, வளர்ப்பூடகத்தில் பேணிய எலி மூளைத் திசுவை நாடினர். அங்கே சமிக்ஞை கிடைத்தது. டெட்ரோடோடாக்சின் கொண்டு நரம்புச் செயல்பாட்டை அடக்கியபோது மங்கிற்று. 2006இல் வெளிவந்த இந்த ஆய்வு ஐயத்துக்கு இடம் குறைத்தது, ஆனால் உயிருள்ள மூளைக்கு விடை தரவில்லை.

2022இல் தென்கொரிய ஆய்வாளர்கள் எலியின் மூளையில் 5 மில்லிவினாடி நுணுக்கத்தில் நரம்புச் செயல்பாட்டைப் படமெடுத்ததாக 'சயன்ஸ்' இதழில் எழுதினர். காந்தப்புலமன்று, நரம்பணுச் சவ்வின் மின்னழுத்த மாற்றமே அதற்குக் காரணமாகலாம் என்றனர். பிற ஆய்வகங்கள் முயன்றபோது அம்முடிவு மீளக் கிடைக்கவில்லை. அவர்களும் தமக்குக் கிடைக்காததை வெளியிட்டார்கள்.