பீலித் தண்ணீரும் சீயக்காயும்

கடைச் சவர்க்காரத்தையும் ஷாம்பூவையும் விட்டுப் பாட்டி காலத்துக்குத் திரும்புவோம் என்ற அழைப்பை இப்போதெல்லாம் அடிக்கடி படிக்கக் கிடைக்கிறது. நல்ல அழைப்புத்தான். ஆனால் அது யாருடைய பாட்டி என்று கேட்கத் தோன்றுகிறது. ராகலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பாட்டிமாருக்கு அந்தக் காலம் எப்படி இருந்தது?

அவர்களின் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். அந்தச் சீமையில் தலைக்குத் தேய்க்கச் சீயக்காய் இருந்தது, அரப்பும் இருந்தது. அரப்பு என்பது உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். உசிலம்பட்டியின் பெயரிலேயே அந்த மரம் நிற்கிறது. காட்டிலும் வேலியோரத்திலும் பறித்தால் போதும், காசு வேண்டியதில்லை. துணி வெளுப்பது வண்ணாரின் உவர்மண்ணும் வெள்ளாவியும். சவர்க்காரம் காய்ச்சுவது நம் வீட்டுப் பழக்கமாக என்றுமே இருந்ததில்லை என்பதை இயற்கை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு வேதியியலும் உண்டு. சமவெளிக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் போட்டால் கல்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரியுமேயன்றி நுரைக்காது. சீயக்காயில் நுரை தருவது சப்போனின் என்ற பொருள். கடின நீரிலும் அது தன் வேலையைச் செய்யும். சவர்க்காரம் காரத்தன்மையுடையது, முடியைச் சொரசொரப்பாக்கும். சீயக்காய் சற்றே புளிப்பானது. ஆக, முன்னோரின் தெரிவு வெறும் பழமைப் பற்றன்று, மண்ணும் நீரும் கற்பித்த பாடம்.

அந்தப் பாடத்தோடு அவர்கள் ஏறி வந்தது ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்மலை. இங்கே உசில் வளராது. தென்னையும் வளராது. காடு இருந்த இடத்தில் முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறும்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. 1940களில் அது மறைந்தது. சீயக்காயும் தேங்காயெண்ணெயும் கீழ்நாட்டிலிருந்து மேலேறி, கடை வழியாக, விலை பெற்றே லயத்தை அடைந்தன. ஊரில் சும்மா கிடைத்த பொருளுக்கு இங்கே சம்பளத்தில் கணக்கு. வண்ணாருக்கும் நாவிதருக்கும் என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்ட தோட்டங்களும் உண்டு.

போதாக்குறைக்கு, பீலியில் விழும் மலைநீர் மென்னீர். சவர்க்காரம் இரண்டு தேய்ப்பில் நுரைக்கும். விடியற்காலைப் பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண், சீயக்காயை ஊறவைத்து, அரைத்து, விறகு தேடி வெந்நீர் காய்ச்சி, கூந்தலில் சிக்கிய கோதை அலசிக்கொண்டிருக்க இயலுமா? ஆற அமர எண்ணெய்க் குளியலுக்கு ஞாயிறை விட்டால் நாளில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவருக்குத் தலைமுடியின் அருமை நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் நேரம் இல்லை. லீவர் பிறதர்ஸ் 1938இல் கொழும்பில் உற்பத்தியைத் தொடங்கியது. சன்லைட் கட்டி துணிக்கும் உடலுக்கும் ஒன்றாகவே பயன்பட்டது. கொழுந்துக்காட்டில் அட்டை ஏறாதிருக்கக் காலில் பூசவும் சவர்க்காரமே. சீயக்காயால் அது முடியாது!

கடல் கடந்த அக்கரையிலும் கதை வேறு விதமாக முடிந்தது. கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983இல் சிறு பைகளில் 'சிக்' ஷாம்பூவை விற்கத் தொடங்கினார். பின்னர் அதே நிறுவனம் 'மீரா' என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் பொட்டலத்தில் விற்றது. வேலியில் பறித்தது கடைக்கு வர ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. மலையகத்தில் அது முதல் நாளிலிருந்தே கடைச்சரக்கு.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது. ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. மறு ஆண்டின் நெருக்கடியில் சவர்க்கார விலை எங்கோ போயிற்று. வீட்டிலேயே செய்து கொள்ளலாமே என்பார்கள். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். அது கண்ணில் பட்டால் பார்வை போகும். ஊற்றிய கட்டி நாலு முதல் ஆறு வாரம் காய வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் மூடுபனி விலகாத மலையில். அப்படியே ஒரு கிலோ எண்ணெய் லயத்து அறைக்கு வந்து சேர்ந்தால், அது முதலில் போவது கறிச்சட்டிக்குத்தான்.